ஓடிய எஞ்சினும் உறங்கிய எஞ்சினும்

நாகப்பட்டினத்தில் கடுவையாற்றுக் கரையோரம் கட்டியிருந்த அந்த விசைப்படகைப் பார்க்க நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். வாங்க நினைக்கும் என் மாமா மகன், அவன் நம்பி அழைத்துவந்த மூத்த மெக்கானிக், இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற நான். படகுக்குப் புதுப் பெயின்ட். எஞ்சின் அறைக்குள் இறங்கினால் எஞ்சினுக்கும் புதுப் பெயின்ட். ஆயில் எப்போது மாற்றினார்கள், ஹெட்டை எப்போது கழற்றினார்கள், லைனர் போட்டது எந்த வருஷம் என்று எழுதிவைத்த துண்டுச்சீட்டுகூட இல்லை. விற்பவரைக் கேட்டால், "நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு" என்பது ஒன்றே பதில்.

எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும் என்றுதான் மாமா மகன் முதலில் கேட்டான். மெக்கானிக் அவன் தோளைத் தொட்டு, "அத அப்புறம் கேளு தம்பி. எத்தன மாசம் ஓடாமக் கெடந்துச்சுன்னு முதல்ல கேளு" என்றார்.

முப்பது ஆண்டு வெப்பவியல் நடத்திய எனக்கு அந்தக் கேள்வி உடனே பிடிபடவில்லை. பழைய காரோ பைக்கோ வாங்கும்போது ஓடிய கிலோமீட்டரைப் பார்த்தே பழகிவிட்டோம். ஓட ஓடத் தேயும் என்பது நம் கணக்கு. கடலில் அந்தக் கணக்கு பாதிதான் சரி. ஆறிக் கிடந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முதல் சில நொடிகளில், ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேராத அந்த நேரத்தில், உரசல் கடுமையாக இருக்கும். சூடேறி, ஒரே சுமையில், ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடும்போது தேய்மானம் மிகக் குறைவு. நம் விசைப்படகுகள் பலவற்றில் இருப்பவை, லாரிக்காக வடிவமைத்துப் பிறகு கடலுக்கு ஏற்றபடி மாற்றிய ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின்கள். லாரிக்கு மேடு உண்டு, இறக்கம் உண்டு, சிக்னல் உண்டு. மடிவலை இழுக்கும் படகுக்கு இவை எதுவும் இல்லை. சுமை கடுமைதான், ஆனால் சீரானது. அப்படி 8,000 மணி நேரம் உழைத்த எஞ்சின், வேளாவேளைக்கு நல்ல ஆயில் கண்டிருந்தால், இன்னும் பல பருவம் ஓடும். 800 மணி நேரம் மட்டுமே ஓடிவிட்டு இரண்டு வருஷம் கரையோரம் கிடந்த எஞ்சின் முதல் பருவத்திலேயே கைவிட்டுவிடலாம்.

சும்மா கிடக்கும் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது? அணைத்த நேரத்தில் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தபடி நிற்கும். அந்த வழியாக உப்புக் காற்று உள்ளே இறங்கும். இரவில் இரும்பு குளிர்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் சிலிண்டரின் உள்சட்டையான லைனரின் சுவரில் முத்துமுத்தாக வியர்க்கிறது. பிஸ்டன் ரிங் எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தில் வட்டமாக ஒரு துருக்கோடு விழுகிறது. மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது ரிங் அந்தத் துருவை அரம் போல இழுத்துக்கொண்டு மேலும் கீழும் ஓடுகிறது. கடல்நீர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் மடிந்த நிலையிலேயே இறுகிப்போகின்றன. டீசல் டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீருக்கும் மேலே மிதக்கும் டீசலுக்கும் நடுவே பூஞ்சை வளர்ந்து, வழுவழுப்பான கறுத்த பாசியாகத் திரண்டு, ஃபில்டரை அடைக்கக் காத்திருக்கிறது. இத்தனையும் மணி மீட்டர் ஒரு எண்கூட நகராமல் நடப்பவை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எல்லா விசைப்படகும் ஆண்டுதோறும் கட்டாயமாக இளைப்பாறும் காலம் அது. அதனால் மெக்கானிக் விற்பவரிடம் கேட்ட இன்னொரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. "ஆயில் மாத்துறது தடைக்கு முன்னாடியா, பின்னாடியா?" பெரும்பாலானவர்கள் தடை முடிந்து கடலுக்குப் புறப்படும்போது மாற்றுவார்கள். புது ஆயிலோடு கிளம்புவோம் என்ற நினைப்பு. ஆனால் எரிபொருள் எரிந்ததில் வந்த அமிலமும் கரியும் ஈரமும் கலந்த பழைய ஆயில், இரண்டு மாதம் பேரிங்குகளின் மேல் ஊறிக்கொண்டே இருக்கும். தடைக்கு முன் மாற்றி, புது ஆயிலைச் சற்று ஓட்டிப் பரவவிட்டு அணைப்பவர் எஞ்சினைப் புரிந்துகொண்டவர். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டதால் அமிலத்தின் கொடுமை தணிந்திருக்கிறது. ஈரத்துக்கும் உப்புக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது.

ஓடிய மணி நேரத்தையும் கேட்கத்தான் வேண்டும். மணி மீட்டரை நம்ப வேண்டியதில்லை. அது கழற்றி மாட்டக்கூடிய பொருள். எஞ்சின் எவ்வளவு உழைத்தது என்பதற்கு அது குடித்த டீசலைவிட நல்ல சாட்சி இல்லை. தமிழ்நாட்டில் விசைப்படகுகளுக்கு வரிவிலக்கு டீசல் கிடைக்கிறது. படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்றிருந்த அளவு பின்னர் 19,000 ஆனது. அதற்குக் கணக்கு உண்டு. டீசல் எஞ்சின் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு ஏறத்தாழ 215 கிராம் எரிபொருள் எரிக்கும். 100 குதிரைத்திறன் என்பது சுமார் 75 கிலோவாட். முழு வேகத்தில் மணிக்கு 16 கிலோ, அதாவது 19 லிட்டர். போக வர, மடி இழுக்க, நிற்க என்று சராசரியாக 12 லிட்டர் வைத்தால், 18,000 லிட்டர் என்பது 1,500 மணி நேரம். ஆறு வருஷத்துக்கு 9,000. வெளியே முழு விலைக்கு வாங்கிய டீசல் இதில் சேராது. ஆகவே இது குறைந்தபட்சக் கணக்கு. பராமரிப்புக் கணக்கு இல்லாத படகுக்கும் இந்த ஒரு கணக்கு இருக்கக்கூடும். நடுவில் ஒரு வருஷம் டீசலே வாங்கவில்லை என்றால், அந்த வருஷம் என்ன ஆனது என்று கேட்க வேண்டும்.

இவையெல்லாம் பேச்சில் கிடைப்பவை. இனி எஞ்சினிடமே கேட்க வேண்டும். மெக்கானிக் ஸ்டார்ட்டரைத் தொடவில்லை. எஞ்சின் பிளாக்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தார்கள். "நாளைக்கு விடியக்காலம் வர்றோம். அதுவரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

ஆறிய எஞ்சினை முதல்முறை உயிர்ப்பிக்கும் அந்தச் சில நொடிகளுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதற்கு ருடால்ஃப் டீசலிடம்தான் போக வேண்டும். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவர் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கினால் சூடேறும். சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் சுடுவது எல்லோருக்கும் தெரிந்ததே. 17 மடங்கு இறுக்கினால் அந்தக் காற்று டீசலைத் தானாகவே பற்றவைக்கும். டீசல் 200 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் பற்றியாக வேண்டும் என்பதால் காற்று அதைவிட வெகுவாகச் சூடாக இருக்க வேண்டும். ரிங்கும் லைனரும் வால்வும் ஒழுங்காக மூடினால் அந்தச் சூடு கிடைக்கும். எங்கே கசிந்தாலும் காற்றோடு சூடும் போய்விடும். ஏற்கெனவே சூடேற்றி வைத்த எஞ்சினில் உலோகம் விரிந்து இடைவெளி குறைந்திருக்கும், சிலிண்டர் சுவரும் காற்றைக் குளிரவைக்காது. அதனால் தேய்ந்த எஞ்சினும் ஒரே சுற்றில் உறுமிக் கிளம்பிவிடும்.

இதில் நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட கையேடுகள், ஆறிய எஞ்சின் சுலபமாகக் கிளம்பினால் நல்ல எஞ்சின் என்று சொல்லும். உள்ளே போகும் காற்று 0 டிகிரியாக இருந்தால், 17 மடங்கு இறுக்கியதும் ஏறத்தாழ 460 டிகிரி ஆகும். அதே எஞ்சினுக்குச் சித்திரை வெயிலில் 35 டிகிரிக் காற்று கிடைத்தால் ஏறத்தாழ 560 டிகிரி. நூறு டிகிரி இலவசம். நார்வே நாட்டுத் துறைமுகத்தில் எழும்பாமல் கிடக்கும் எஞ்சின், நாகப்பட்டினத்துப் பங்குனி மதியத்தில் நல்லபிள்ளையாக ஓடும். ஆகவே நாம் விடியலில் பார்க்க வேண்டும். முடிந்தால் மார்கழி, தை மாதங்களில் பார்க்க வேண்டும். நாங்கள் போனது மார்கழி. அது தற்செயலாக அமைந்தது.

மறுநாள் விடியலில் பிளாக் சில்லென்று இருந்தது. ஸ்டார்ட்டர் சுழன்றது, சுழன்றது, நின்றது. மூன்றாம் முறைதான் எஞ்சின் பிடித்தது. ஒரு காலில் நொண்டுவது போலச் சத்தம். புகைக்குழாயில் வெள்ளைப் புகை திரண்டு வந்தது. வெள்ளைப் புகையில் இரண்டு வகை உண்டு. நீராவியாக இருந்தால் சில அடி தூரத்திலேயே காற்றில் கரைந்துவிடும். எரியாத டீசலாக இருந்தால் தண்ணீர் மேல் தாழ்ந்து தங்கும், கண் எரியும், நாற்றம் துணியில் ஒட்டும். எங்களுக்குக் கண் எரிந்தது. பற்றவைக்கும் சூடு எட்டாத சிலிண்டர் ஏதோ ஒன்று உள்ளே இருந்தது. எஞ்சின் சூடேறியதும் வெள்ளை போய் நீலம் வந்தது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு இன்னொன்று. டீசலுக்குத் தேவையான காற்று கிடைக்கவில்லை, அல்லது எஞ்சினின் சக்திக்கு மேல் சுமை. கறுப்புக்குப் பல நேரம் எளிய மருந்து உண்டு. நீலத்துக்குப் பெரும்பாலும் எஞ்சினைக் கழற்றாமல் மருந்தில்லை.

நொண்டும் சிலிண்டரைக் கண்டுபிடிக்கும் பழைய முறை, ஓடும்போதே நாசில்களுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது. நல்ல சிலிண்டருக்கு டீசலை நிறுத்தினால் எஞ்சின் சத்தம் தடுமாறும். ஏற்கெனவே உழைக்காத சிலிண்டருக்கு நிறுத்தினால் எந்த மாற்றமும் தெரியாது. நான்காம் சிலிண்டரில் மாற்றம் தெரியவில்லை. இது பழைய வகை டீசல் பம்ப் உள்ள எஞ்சினுக்கு மட்டுமே உரிய சோதனை. புதிய காமன் ரெயில் எஞ்சினில் குழாய்க்குள் ஆயிரம் பார் அழுத்தத்துக்கும் மேலே நிற்கிறது. அந்த நட்டில் ஸ்பேனரை வைத்தால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் போய்விடும். பழைய எஞ்சினிலும் கையை அருகே கொண்டுபோகக் கூடாது. நேரமும் கருவியும் இருந்தால் கம்ப்ரஷன் கேஜ் மாட்டி அளப்பது இன்னும் தெளிவு. டீசல் எஞ்சின்களில் பொதுவாக 350 முதல் 450 பி.எஸ்.ஐ. வரை காட்டும். அளவு எவ்வளவு என்பதைவிட, ஆறு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போகின்றனவா என்பதே முக்கியம்.

ஆயில் குச்சியை உருவிப் பார்த்தோம். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. மாமா மகன் முகம் மலர்ந்தது, மெக்கானிக் முகம் சுருங்கியது. டீசல் எஞ்சினின் ஆயில் கறுத்திருப்பது குற்றமில்லை. மாற்றிய சில மணி நேரத்திலேயே கரியைச் சுமந்து கறுத்துவிடும், அதுதான் அதன் வேலை. கணக்கே இல்லாத பழைய எஞ்சினில் தெளிந்த ஆயில் இருந்தால், பேசவேண்டிய சாட்சியை நேற்று மாற்றிவிட்டார்கள் என்று பொருள். ஆனால் அவசரத்தில் ஆயிலை மாற்றுகிறவர்கள் ஃபில்டரை விட்டுவிடுவது உண்டு. மெக்கானிக் விற்பவரிடம் கேட்டுக்கொண்டு ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே பழைய ஆயில், பால் கூடின டீயின் நிறத்தில்.

அவருடைய பட்டறையில் ஓரம் உடைந்த பழைய தோசைக்கல் ஒன்று இருக்கிறது, சமையலுக்கு உதவாதது. அதை அடுப்பில் வைத்து, கல் காய்ந்ததும் அந்த ஆயிலில் ஒரு சொட்டு விட்டார். சடசடவென்று பொரிந்தது. தோசை வார்க்கும் முன் தண்ணீர் தெளித்துப் பார்க்கும் எந்த அம்மாவுக்கும் தெரிந்த சத்தம். ஆயில் கொதிக்க முந்நூறு டிகிரிக்கு அருகே வேண்டும், தண்ணீருக்கு 100 போதும். அதனால் 150, 160 டிகிரியில் காய்ந்த கல்லில் சுத்தமான ஆயில் சத்தமின்றிப் பரவும். ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்திருந்தாலே பொரியும். ஆய்வுக்கூடங்களும் முதல் கட்டமாக இதே சோதனையைச் செய்கின்றன. அங்கே இரும்புக் கல்லுக்குப் பதில் மின் அடுப்பு. செய்து பார்க்க விரும்புகிறவர்கள் ஒரே ஒரு சொட்டு விடுங்கள், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீரா, கடல் தண்ணீரா என்பது அடுத்த கேள்வி. அதற்குத் தோசைக்கல் போதாது, ஆய்வுக்கூடம் வேண்டும். 1940களில் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில்வே, தன் டீசல் எஞ்சின்களின் பழைய ஆயிலை எரித்து, அதில் எழும் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது. ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய நிறக்கோடுகளில் ஒளிரும். நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் அதே அறிவியல் எஞ்சினுக்குள் எது தேய்கிறது என்றும் சொல்லிவிட்டது. இரும்பு கூடியிருந்தால் லைனர், குரோமியம் என்றால் ரிங், அலுமினியம் என்றால் பிஸ்டன், செம்பும் ஈயமும் என்றால் பேரிங். சிலிக்கன் என்றால் காற்று ஃபில்டர் வழியாக மணல் புகுந்திருக்கிறது. சோடியம் கூடியிருந்தால் கடல்நீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது, ஆயில் தொட்டியின் நடுமட்டத்திலிருந்து எடுத்த ஒரு சிறு குப்பி போதும். ஒரே ஒரு மாதிரியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆயில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியாமல், அறிக்கையில் இரும்புக்கு நேரே வரும் 60 என்ற எண்ணுக்குப் பொருள் இல்லை. ஆனால் சோடியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. கலந்திருக்கிறது என்று தெரிந்தால் வழியைத் தேடியாக வேண்டும்.

பேரிங் பற்றி ஒரு பழைய சம்பவம் இருக்கிறது, வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். 1880களில் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பேரிங்கின் மேல்பக்கம் ஆயில் ஊற்ற ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றபோது ஆயில் உள்ளே போவதற்குப் பதில் அந்தத் துளை வழியே மேலே பொங்கியது. மரக்கட்டையால் அடைத்தார், கட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தது. அழுத்தமானி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சுழலும் அச்சு தன்னைச் சுற்றி ஆயிலை ஆப்பு போல இழுத்துத் திணித்து, அந்தப் படலத்தின் மேல் மிதக்கிறது என்று. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டும் அப்படித்தான் மிதக்கிறது. இடைவெளி தேய்ந்து பெரிதானால் ஆயில் ஓரங்களில் வழிந்துவிடும், அழுத்தம் நிற்காது. தெருக்குழாய்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாதது போலத்தான். அதனால் ஆயில் கேஜைப் பார்க்க வேண்டிய நேரம், எஞ்சின் நன்றாகச் சூடேறி, குறைந்த வேகத்தில் நிற்கும் நேரம். ஆறிய நிலையில் ஆயில் கெட்டியாக இருப்பதால் எந்த எஞ்சினும் நல்ல அழுத்தம் காட்டும். கெட்டியான ஆயிலை ஊற்றியும் இதை மறைக்கலாம், புகையும் குறையும். அதற்காகத்தான் ஓர் அரை மணி நேரமாவது பொறுமையாக நிற்க வேண்டும்.

கடல்நீர் எஞ்சினுக்குள் எப்படி வரும்? எஞ்சினின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய் அரித்து வரலாம், ஹெட் கேஸ்கெட் விட்டு வரலாம். புகைக்குழாயில் தண்ணீர் கலந்து வெளியேற்றும் படகுகளில், அந்தக் கலக்கும் முழங்கை உள்ளுக்குள் அரித்து, தண்ணீர் பின்னோக்கி சிலிண்டருக்கே போய்ச் சேரும். இவை மெதுவான வழிகள். எங்கள் பகுதியில் இன்னொரு கேள்வியைக் கேட்காமல் விடவே கூடாது: இது கஜாவில் மூழ்கின படகா? 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த அந்தப் புயலில் மல்லிப்பட்டினம் உட்பட டெல்டாக் கடற்கரையில் எத்தனையோ படகுகள் கவிழ்ந்தன, மூழ்கின. தூக்கி எடுத்த உடனே நல்ல தண்ணீரில் கழுவி, ஆயில் மாற்றி, சுழற்றிவிட்ட எஞ்சின்கள் பிழைத்தன. நிவாரணத்துக்கும் கிரேனுக்கும் காத்திருந்து நாட்கள் கடந்தவை, துடைத்துப் பெயின்ட் அடித்தாலும், உள்ளே நோயோடுதான் இருக்கும். அதில் உடைமைக்காரர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அன்று வீட்டுக்குக் கூரையே இல்லாதவர்கள் அவர்கள். ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் மூடியைக் கழற்றினால் பச்சைபூத்த செம்புக்கம்பி, அலுமினியப் பாகங்களில் வெள்ளைப்பூ, கியர்பாக்ஸோடு சேரும் கூட்டுக்குள் படிந்த வண்டல் என்று பெயின்ட் தூரிகை எட்டாத இடங்களில் அந்த நாள் இருக்கும்.

துத்தநாகக் கட்டையைக் கழற்றிப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்துப்போன சோதனை. 1824இல் ஹம்ஃப்ரி டேவி, ஆங்கிலேயப் போர்க்கப்பல்களின் செம்புத் தகடு கடலில் அரிக்காமல் இருக்க, அதோடு துத்தநாகம் அல்லது இரும்பை இணைக்கச் சொன்னார். செம்புக்குப் பதில் துத்தநாகம் கரைந்தது. செம்பு பிழைத்தது. கரையாத செம்பில் நஞ்சு இல்லாததால் பாசியும் சிப்பியும் மண்டியது வேறு கதை. ஹீட் எக்ஸ்சேஞ்சரில் திருகியிருக்கும் சிறு துத்தநாகக் குச்சி டேவியின் அதே யோசனைதான். அது முழுவதும் கரைந்து வெறும் திருகு மட்டும் இருந்தால், யாரும் பல காலம் கவனிக்கவில்லை. பளபளவென்று புதிதாக இருந்தால் எதையும் சொல்லாது. பாதி கரைந்திருந்தால், முறையாக மாற்றும் கை ஒன்று இந்தப் படகில் இருந்திருக்கிறது. நாங்கள் பார்த்த படகில் வெறும் திருகுதான் இருந்தது.

கடல்நீரில் கரைந்துள்ள கால்சியம் உப்புகள் சமையல் உப்புக்கு நேர்மாறானவை. சூடு கூடக் கூடக் கரையாமல் படியும். போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏறுவது இதே வகைதான். எஞ்சினின் குளிர்விக்கும் வழிகளிலும் அது ஏறி, வெப்பத்தைப் போகவிடாமல் போர்வை போலக் கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க, தொடாமல் வெப்பம் அளக்கும் துப்பாக்கி உதவும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டிய கருவியின் தொழிற்சாலை வகை அது. ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் போகும் குழாய், வரும் குழாய், ஹெட்டின் இரு முனைகள், ஒவ்வொரு சிலிண்டரின் புகைவழி என்று வரிசையாக அளந்தால், எங்கே அடைப்பு, எந்த சிலிண்டர் உழைக்கவில்லை என்பது எண்களாகவே தெரியும். பளபளக்கும் உலோகத்தின் மேல் நேராக அளக்கக் கூடாது. பளபளப்பான பரப்பு குறைவாகவே வெப்பக் கதிர் வீசும், கருவி ஏமாந்து குறைத்துக் காட்டும். கறுப்பு பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்து அதன் மேல் அளக்கலாம்.

பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. கியர்பாக்ஸின் ஆயிலை முகர்ந்து பாருங்கள், கருகிய வாடை கூடாது. எஞ்சின் எண்ணும் திறனும் பதிவுச் சான்றோடு ஒத்துப்போக வேண்டும். 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினைத் தமிழ்நாட்டு விதிகள் அனுமதிப்பதில்லை. ஃபைபர் படகின் அவுட்போர்டு மோட்டார் என்றால், ஸ்பார்க் பிளக்கையும் அடிக்கூட்டின் ஆயிலையும் பாருங்கள். அங்கே பால் நிறம் தெரிந்தால் சீல் போயிருக்கிறது.

முதல் படகை விட்டுவிட்டோம். பத்து நாள் கழித்துப் பார்த்த இரண்டாம் படகு, பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. பெயின்ட் உரிந்திருந்தது, எஞ்சின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. ஆயில் கறுப்பு. தோசைக்கல்லில் சத்தமில்லை. துத்தநாகக் குச்சி பாதி கரைந்திருந்தது. விடியலில் இரண்டாம் சுற்றிலேயே பிடித்தது. முந்தின வாரம்வரை கடலுக்குப் போய்வந்த படகு.

கடலில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொன்னார். கரையில் சும்மா உறுமும் எஞ்சினுக்குச் சுமை ஏது? ராமேஸ்வரத்திலும் நாகையிலும் எஞ்சின் நின்று, காற்றும் நீரோட்டமும் எல்லைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்ட படகுகளின் கதை ஒவ்வொரு தெருவிலும் உண்டு. பாக் நீரிணையில் எஞ்சின் நிற்பது பட்டறைச் செலவோடு முடிவதில்லை.

வெளியே போய் முழு வேகம் கொடுத்தபோது எல்லோருக்கும் ஏமாற்றம். 2,000 சுற்று போகவேண்டிய எஞ்சின் 1,780இல் நின்றுவிட்டது, பின்னால் கறும்புகை. விற்பவருக்கே முகம் வாடிப்போனது. மெக்கானிக் கியரை நியூட்ரலுக்கு எடுத்து மறுபடி முழுதாக முறுக்கினார். 2,150 தொட்டது. அப்படியென்றால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சரி, சுமை இல்லாதபோது எஞ்சின் தடையில்லாமல் ஏறுகிறது. சந்தேகம் இப்போது தண்ணீருக்கு அடியே போனது. புரொப்பல்லர் கேட்கும் திறன், சுழற்சியின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் திறன் 73 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஏறும்போதும் அதே செங்குத்து. அடிப்பலகையிலும் புரொப்பல்லர் இதழிலும் சிப்பி ஒட்டினால் அந்தச் செங்குத்து இன்னும் கூடி, எஞ்சின் தன் எல்லையை முன்கூட்டியே முட்டி, காற்றுக்கு மிஞ்சிய டீசலைக் கரியாகக் கக்கும். நோய் எஞ்சினில் இல்லை என்பது அவர் ஊகம். படகைக் கரையேற்றினார்கள். புரொப்பல்லர் இதழ்களில் விரல் தடிமனுக்குச் சிப்பி.

சுரண்டிச் சுத்தம் செய்து நான்காம் நாள் மறுபடி போனோம். மீட்டர் 1,960ஐத் தொட்டு நின்றது. மாமா மகன் பின்பக்கம் குனிந்து புகையைப் பார்த்தான். மெல்லிய சாம்பல் நிறம், அதுவும் சற்று நேரத்தில் தெளிந்தது. முக்கால் மணி நேரம் அப்படியே ஓட்டச் சொன்னார் மெக்கானிக். வெப்பம் ஓரிடத்தில் ஏறி நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. வேகத்தைக் குறைத்தபோது ஆயில் அழுத்தம் இறங்கி, இறங்கவேண்டிய இடத்தில் நின்றது.

கரைக்கு வந்து எஞ்சினை அணைத்ததும் அவர் டார்ச் விளக்கோடு பின்னால் தவழ்ந்துபோய், ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் விழும் சொட்டுகளைக் கைக்கடிகாரம் பார்த்து எண்ணினார். "நிமிஷத்துக்கு முப்பது விழுது. பேக்கிங் கயிறு மாத்தணும் தம்பி" என்றார். அந்தக் கயிற்றின் விலையைக் கழிப்பதா வேண்டாமா என்று இரண்டு பேரும் டீக்கடையில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.